கருத்தரங்க மேடையும் சபைப் பதிவேடும்

காரைக்குடிக்கு அடுத்துள்ள கோட்டையூர், ஆராய்ச்சி என்னும் சொல்லோடு இரு வகையில் தொடர்புடைய ஊராகும். 1909-ஆம் ஆண்டில் இவ்வூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் தோற்றுவித்த கல்வி நிலையங்களின் வளர்ச்சியாகவே 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. மற்றொருவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகச் சென்னையில் தொழில் நடத்திய அவர், ஊர் திரும்பியபின் தம் இல்லத்தையே நூலகமாக ஆக்கிக்கொண்டார். அவர் சேர்த்தவை நூல்கள் மட்டுமல்ல. நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் எனப் பிறர் குப்பையில் எறியும் தாள்களையும் அவர் பேணினார். 1992-இல் அவர் காலமானபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்குப் பெற்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது.

இறையியல் மாணவருக்கு இவ்வூரை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் கட்டுரை படிக்க நம் பி.டி. மாணவர்களுக்கும் வாய்ப்பு வருகின்றது. அழைப்பு வந்ததும் அவர்கள் முதலில் தேடுவது, ஏற்கெனவே அச்சில் வந்த நான்கு நூல்களையே. அவற்றைச் சுருக்கி, நடுவே வேத வசனங்களை அமைத்து, முடிவில் ஓர் அறைகூவலை வைத்தால் கட்டுரை நிறைவுற்றது என எண்ணுகின்றனர். ஆனால், வேறு எவரும் பார்த்திராத ஆதாரம் அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றது. சேகரத்து அலமாரியில் கிடக்கும் ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, குழுக் கூட்டக் குறிப்புகள், பிரதிஷ்டைப் பண்டிகை அழைப்பிதழ்கள் ஆகியவை ரோஜா முத்தையா போன்ற ஒருவர் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தக்கவை. நம்மிலோ பலர் அவற்றைக் கரையானுக்கு விட்டுவிட்டோம்.

பிரசங்க பீடத்திற்கும் கருத்தரங்க மேடைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் முதலில் உணரவேண்டும். பீடத்தில் நிற்பவர் தாம் பெற்றுக்கொண்ட செய்தியை அறிவிக்கின்றார், சபையார் எழுந்து, “இதற்கு ஆதாரம் யாது?” என வினவுவதில்லை. மேடையில் அவ்வினாவே மையம். அங்கே பேசுபவரின் அங்கிக்கு அதிகாரமில்லை. அவர் காட்டும் ஏட்டை வேறொருவர் எடுத்துப் பார்த்தாலும் அதையே காணக்கூடுமாயின், அதுவே அவருக்குரிய அதிகாரம். ஆகவே, எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எத்தனைப் பதிவுகள், இடையே எந்தப் பக்கங்கள் காணப்படவில்லை என்பவற்றை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். ஐம்பது பதிவுகளை மட்டும் பார்த்தவர் “தமிழகத் திருச்சபைகள்” எனத் தலைப்பிடுதல் தகாது.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலும் பதினைந்து நிமிடங்களே கிடைக்கும். நிறுத்தி வாசித்தால் அதற்குள் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு சொற்களே அடங்கும். நம்மவர் முப்பது பக்கம் எழுதிச் சென்று, முன்னுரையைப் படித்து முடிக்கும் வேளையில் தலைவர் மணியடித்துவிடுகின்றார். கண்டுபிடித்ததை முதல் மூன்று நிமிடங்களுக்குள் சொல்லிவிடுவது நலம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் என் வழிகாட்டுதலில் ஒரு பழைய கிராம சபையின் பதிவேடுகளை ஆராய்ந்தார். எழுத்தறிவு அச்சபையில் எவ்வாறு பரவிற்று என்பதே அவர் பொருள். அடக்கப் பதிவேட்டைப் புரட்டுகையில், ஒரே சபையாரின் பெயர்கள் ஏட்டின் இரு வேறு பகுதிகளில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். ஊருக்குச் சென்று பார்த்தபோது காரணம் விளங்கிற்று. கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நின்றது. ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் பெற்றோர், மண்ணில் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். அவர் அதனை ஒரு பக்கமாக எழுதிக் கட்டுரையில் சேர்த்திருந்தார்.

அப்பக்கத்தை நீக்கிவிடும்படி நான் சொன்னேன். “தம்பி, தகப்பனுடைய நிர்வாணத்தைச் சேமும் யாப்பேத்தும் வஸ்திரத்தால் மூடினார்கள்; நாம் அதைப் பல்கலைக்கழகத்தாருக்குத் திறந்து காட்டவேண்டுமோ?” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை, பக்கத்தை நீக்கினார். கருத்தரங்கில் கட்டுரை நன்றாகவே அமைந்தது. பின்னர் ஆய்வு மாணவி ஒருவர் எழுந்து, “பள்ளியில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்தனர் என்கிறீர்கள். கல்லறையிலும் அவ்வாறுதானா?” என்று கேட்டார். மாணவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “அதுபற்றிய ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை, அம்மா,” என்றார். அந்தப் பொய் அவருடையதன்று.

வீடு திரும்பியபின் என் மனத்தில் நின்றது தரங்கம்பாடியின் பழைய வரலாறு. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ்ச் சுவடிகளை விலை கொடுத்தும் படி எடுத்தும் திரட்டி, 1708-இல் அவற்றிற்கு விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதினார். 1713-இல் தமிழர் வழிபடும் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலிடத்தார் அதனை அச்சேற்ற விரும்பவில்லை. புறச்சமயச் செய்திகளைப் பரப்புவது அருட்பணியாளருக்கு உரியதன்று என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சாயிற்று. இடையே கழிந்தவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல். வகுப்பில் இதனை ஆண்டுதோறும் சற்று ஏளனத்தோடு கற்பித்தவன் நான். ஹாலேயில் அமர்ந்திருந்தவர்களின் நாற்காலியில் நானும் அமர்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேலும், நான் மூட முயன்றது மூடப்பட்ட செய்தியே அன்று. கல்கத்தா பேராயர் டேனியேல் வில்சன் 1833-இல் சபைகளில் சாதி வேறுபாடு ஒழிக்கப்படவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அதனால் எழுந்த கலக்கம் வரலாற்று நூல்களில் உள்ளது. அந்த மாணவி கேட்டதும் இதை அறிந்தே எனக் கருதுகிறேன்.

எனினும் எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் தள்ளிவிட இயலாது. பதிவேடு சபையாருடையது, ஆயர் அதன் காவலர் மட்டுமே. அதில் முறைதவறிய பிறப்பும் ஒழுக்க நடவடிக்கையும் எழுதப்பட்டிருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஆலயத்தில் அமர்கின்றனர். ஆயரிடம் அறிக்கையிட்டவர், அது ஒருநாள் ஆய்வேட்டின் அடிக்குறிப்பாகும் என எதிர்பார்த்திருக்கமாட்டார். ஆகவே தனி மனிதர் பெயரையும் அவரை அடையாளம் காட்டும் குறிப்பையும் விலக்குதல் ஆயருக்குரிய கடமை. ஆனால் சுவர் தனி மனிதரின் இரகசியம் அன்று. அது சபை கூடித் தீர்மானித்துக் கட்டியது. பெயரை மறைப்பது அன்பு; சுவரை மறைப்பது அன்பாகாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நோவாவின் பிள்ளைகளைத் துணைக்கழைத்தது என் பிழை.

வேறொன்றையும் நாம் மறந்துபோகிறோம். ஆய்வு முதலில் யாரிடம் படிக்கப்படவேண்டும்? யாரைப்பற்றி எழுதினோமோ அவர்கள் செவியில் விழாத செய்தியை, அவர்களை அறியாதோர் நடுவே படித்துச் சான்றிதழ் பெற்று வருவது நேர்மையன்று. இப்போது என் மாணவர்கள், சபையின் பதிவேட்டைப் பயன்படுத்தினால், கருத்தரங்கிற்கு முன் சேகரக் குழுவின் முன்னிலையில் கட்டுரையை வாசிக்கின்றனர். தவறு இருப்பின் குழுவினர் திருத்தலாம். தங்கள் மறுப்பையும் சேர்க்கச் சொல்லலாம். பக்கத்தைக் கிழிக்க மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை. இதற்கு உடன்படாத குழுக்களும் உண்டு. அவ்வாறான இடத்தில் வேறு சபையைத் தேடும்படியே கூறுகிறேன். ஒரு பட்டத்திற்காக ஒரு சபையின் நம்பிக்கையை உடைத்தல் ஆகாது.

மேற்கூறிய மாணவரை மறு ஆண்டு அழைத்து, நீக்கிய பக்கத்தைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் அந்தக் கிராமத்திற்குச் சென்று, மாலை ஆராதனைக்குப்பின் குழுவினர் நடுவே அதனை வாசித்தார், நானும் உடனிருந்தேன். இளைஞர் இருவர் கோபித்து எழுந்து வெளியேறினர். வயது முதிர்ந்த மூப்பர் ஒருவர் மட்டும் கட்டுரைத் தாளை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் படித்தார். பின்னர், “ஒரு சுவர் இருந்தது என்று எழுதியிருக்கிறீரே, தம்பி. இருக்கிறது என்று எழுதும்,” என்றார்.