உறுதி இல்லாத வீடும் ஊர் பெயர்தலும்

ஒரு குடும்பம் ஓரிடத்தை விட்டு வேறோரிடம் செல்லத் துணிந்தால், அதன் முன்னே இரண்டு வேலைகள் நிற்கின்றன. இருக்கும் வீட்டை விற்றுக் கணக்கு முடிப்பது ஒன்று. வேண்டிய பொருள்களைக் கட்டிக்கொண்டு புதிய மனையைச் சேர்வது மற்றொன்று. கண்டி நகரிலே சொந்த வீடு உடையவர், விற்பனைக்கு முன்னர்க் கூரை ஒழுக்கை நிறுத்துவார். சுவருக்கு வெள்ளை அடிப்பார். எல்லை வேலியைச் சீர்ப்படுத்துவார். எனினும், வாங்க வருபவர் முதலிற் கேட்பது வெள்ளையடித்த சுவரையன்று, உறுதியையே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இந்நாட்டிலே காணியோ வீடோ விலைப்படுமாயின் அஃது எழுத்தில் அமைதல் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படுதல் வேண்டும். அவ்வுறுதியைக் காணிப் பதிவகத்திலே பதிந்துகொள்வதே வாங்குபவருக்குப் பாதுகாப்பாகும்.

அதே 1840ஆம் ஆண்டிலே, 12ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் பிறந்தது. உரிமையை நிறுவ இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அது கொண்டது. அவ்வாறு முடியின் கைக்குச் சென்ற மலைக்காடுகளிற் பெரும்பகுதி கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மேலேறிச் சென்றால், நக்கிள்ஸ் மலைச்சாரலிலே மடுல்கெல்ல வருகின்றது. அதுவும் கோப்பி விளைந்த மண்ணே; 1869இல் இலங்கையிலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர், தேயிலைக்கு மாறிய மண்ணே. அம்மண்ணிலே தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இடம் பெயர்தல் புதிதன்று. ஆனால், பெயரும்பொழுது விற்பதற்கு அவர்களிடம் வீடு இருந்ததில்லை.

லயம் என்பது தோட்டத்தின் சொத்து. நீண்ட வரிசையாய்க் கட்டப்பட்ட அறைகளிலே, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் கிடைக்கும். பத்தடி, பன்னிரண்டடி அளவான அந்த அறையைக் குடியிருப்போர் தம் உழைப்பினால் வீடாக்கினர். தரையை மெழுகினர், இஸ்தோப்பை மறைத்து அடுப்படி அமைத்தனர், பின்புறத்தே மரக்கறி பயிரிட்டனர், மாட்டுக்குக் கொட்டில் போட்டனர். புறப்படும் நாளில் இவற்றுக்கு விலை சொல்ல வழியில்லை. சாமானை எடுத்துக்கொண்டு அறையை ஒப்படைப்பதே முறையாக இருந்தது. பழைய காலத்திலே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கும் ‘துண்டு’ வேண்டியிருந்தது. கங்காணியிடம் பட்ட கடனை அந்தச் சீட்டிலே எழுதி, புதிய தோட்டம் அதைத் தீர்த்தால்தான் ஆளை விடுவார்கள். 1921ஆம் ஆண்டின் சட்டம் அம்முறையை ஒழித்தது.

இம்மக்கள் கண்ட பெயர்ச்சிகளுள் மிகப் பெரியது 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி தொடங்கியது எனலாம். அன்று பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையிலே ஒப்பமிட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராய் நின்ற 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இலே சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பெயர்ச்சியைப் பதினைந்து ஆண்டுகளிலே நிறைவேற்றுவது என்பது திட்டம். செல்வோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுபோகலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் வரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என்றும் உடன்படிக்கை கூறியது. நிதியும் பணிக்கொடையும் அதில் இடம்பெற்றன. வீட்டின் விலை என்றொரு சொல்லுக்கு இடமே இருக்கவில்லை.

அவ்வாறு புறப்பட்ட குடும்பம் எதை விற்றது? பாலுக்கு வைத்திருந்த பசுவை விற்றது. ஆட்டையும் கோழியையும் விற்றது. கட்டிலையும் மேசையையும் விற்றது. இங்கே ஓர் உண்மையை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம். ஒரே லயத்திலே பல குடும்பங்கள் ஒரே காலத்திற் புறப்படுமாயின், விற்பவர் பலராவர், வாங்குபவர் சிலராவர்; விலை தானே விழும். ஆதலின் பயணத் திகதி தெரிந்தவுடனேயே பெரிய பொருள்களுக்கு ஆள் தேடத் தொடங்குதல் வேண்டும். கறவை மாட்டைக் கடைசி வாரம் வரை வைத்திருப்பவர், பாலின் பொருட்டு மாட்டின் விலையை இழப்பார்.

விற்பனைக்கும் மேலான வேலை, போகும் இடத்தைத் தெரிந்துகொள்வது. தாயகம் சென்றோரிற் பலருக்கு வியாபாரக் கடன் கொடுக்கப்பட்டது. கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் பழகிய கைகளுக்குக் கடை நடத்துதல் எளிதாக இருக்கவில்லை. நீலகிரியிலே தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்துக்குச் சென்றோருக்கு, அறிந்த தொழிலாவது கிடைத்தது. எந்தத் தொழில், எந்த ஊர், அங்கே என்ன தட்பவெப்பம் என்று முன்னரே விசாரித்தவரே, எதைக் கட்டுவது எதை விடுவது என்று தீர்மானிக்க முடியும். மலைக்குப் போகிறவருக்குக் கம்பளி பொருளாகும். சமவெளிக்குப் போகிறவருக்கு அது வெறும் சுமையாகும்.

பயணமும் நீண்டது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்திலே கடவுச்சீட்டுக் காரியங்கள் முடிந்தபின், புகைவண்டியிலே பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் சேரவேண்டும். அங்கிருந்து கப்பல். 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்த பின்னர், கப்பல் இராமேஸ்வரத்துக்கே சென்றது. அடுத்தது மண்டபம் முகாம். இத்தனை இடங்களிலும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. ஆதலின் பெட்டிகளுக்கு இலக்கமிட்டு, எதில் என்ன உண்டு என்று ஒரு தாளிலே எழுதி வைத்துக்கொள்வது வீண் வேலையன்று. வழியிலே வேண்டிய உணவு, மருந்து, குழந்தையின் துணி ஆகியவற்றைத் தனி மூட்டையாகக் கையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலாகக் கட்டவேண்டியது பத்திரக் கட்டு. பிறப்பு, விவாகம், மரணம் பற்றிய அத்தாட்சிகள், சேமலாப நிதிக் கணக்கு, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவை பெட்டிக்குள்ளே போகலாகாது. குடும்பத்தின் பொறுப்பான ஒருவர் கையில் இருத்தல் வேண்டும். இஃது அளவு மீறிய எச்சரிக்கையன்று. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ்ப் பிரசாவுரிமை கோரியோர், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், விவாகமானவராயின் ஏழாண்டும் ஆகாதவராயின் பத்தாண்டும் இடைவிடாது வசித்தமையை நிறுவ வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தும், காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லாமையால் தோற்றவர் பலர். 1984இலே கப்பற் போக்குவரத்து நின்றபொழுது, கடவுச்சீட்டோடு இங்கே தங்கிவிட்டவரும் உளர். நாடற்றோராய் எஞ்சியவருக்குக் குடியுரிமை அளித்த 2003ஆம் ஆண்டின் சட்டமும் 1964 ஒக்டோபர் 30ஆந் திகதியிலிருந்து வதிந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையுமே பேசுகின்றது. நாற்பதாண்டுக்குப் பின்னும் பழைய திகதிக்கு உயிர் இருக்கின்றது. அத்திகதியைச் சொல்லும் தாளுக்கும் உயிர் இருக்கின்றது. விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளை புதிய பாடசாலையில் வகுப்பு இழக்க நேரிடும் என்பதையும் பெற்றோர் மறத்தலாகாது.

இன்று மலையகத்திலே வேறொரு பெயர்ச்சி நடைபெறுகின்றது. லயத்தை விட்டு, ஏழு பேர்ச்சஸ் காணியிலே அமைந்த தனி வீட்டுக்குக் குடும்பங்கள் செல்கின்றன. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. கடல் கடக்க வேண்டியதில்லை. சாமானைத் தலையிலே சுமந்தே சென்றுவிடலாம். தூரம் குறைந்ததனால் வேலையும் குறைந்தது என்று எண்ணிவிடலாகாது. புதிய வீட்டுத் திறப்பைக் கையிலே வாங்கும்பொழுது, உறுதி யாருடைய பெயரில், எப்பொழுது கிடைக்கும், எல்லைக் கற்கள் எங்கே, வரைபடம் உண்டா, பதிவு நடந்ததா என்று கேட்டறிதல் வேண்டும். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் பெயரும் அதில் இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு கேட்பது வீட்டைக் கொடுத்தவரை ஐயுறுவதாகாது. உறுதி இல்லாத வீட்டை ஈடுவைத்துப் பிள்ளையின் படிப்புக்குக் கடன் பெற இயலாது. பிள்ளைகளுக்குச் சட்டப்படி பங்கிட்டுக் கொடுக்க இயலாது. தேவை வந்தபொழுது நியாய விலைக்கு விற்கவும் இயலாது. வீட்டை விற்கவே விரும்பாத குடும்பத்துக்கும், விற்கக்கூடிய உரிமை வேண்டும். அவ்வுரிமை கையில் இருப்பவரே, ஊரிலே இருப்பதா போவதா என்பதைத் தாமே தீர்மானிக்க வல்லவராவர்.