கழற்ற ரெஞ்ச், மாட்டக் கை

காரின் ஆயில் ஃபில்டரைக் கழற்றும் ரெஞ்ச் இன்று இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இது நல்ல வசதி. வேலையும் அப்படியொன்றும் கடினமில்லை. ஆனால் பெட்டிமேல் பெரும்பாலும் அச்சிடாத ஒரு செய்தி உண்டு. அந்த ரெஞ்ச் பழைய ஃபில்டரைக் கழற்றுவதற்கு மட்டுமே. டப்பா வடிவப் புது ஃபில்டரைக் கையால்தான் மாட்ட வேண்டும்.

அதன் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் புது ஆயிலைத் துளி தடவி, வளையம் எஞ்சினைத் தொடும்வரை கையால் திருக வேண்டும். அதன்பின் ஏறக்குறைய முக்கால் சுற்று போதும். சரியான அளவு ஃபில்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ரெஞ்ச் போட்டு முறுக்கினால் ரப்பர் நசுங்கிக் கசியும், அடுத்த முறை ஃபில்டர் அசையாது. அப்போது சிலர் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்புவார்கள். மெல்லிய தகடு கிழிந்துபோய், அடித்தட்டு மட்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றிக் கழுவினாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கோடு மெக்கானிக்கை அழைக்கவேண்டிய நிலை அங்கேதான் வரும்.

எந்த ரெஞ்ச் வாங்கலாம்? ஃபில்டரின் தலையில் தொப்பிபோல் கவிழும் கப் ரெஞ்ச்தான் முதல் தேர்வு. ஆனால் விட்டமும் விளிம்பு மடிப்புகளின் எண்ணிக்கையும் அச்சாகப் பொருந்த வேண்டும். 'எல்லாக் காருக்கும்' என்று விற்கும் கப்பை நம்ப வேண்டாம். அளவு தெரியாவிட்டால் பெல்ட் ரெஞ்ச் அல்லது மூன்று கால் ரெஞ்ச் உதவும். செயின் ரெஞ்ச் டப்பாவை நசுக்கிவிடும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டை ஃபில்டரின் நடுவில் மாட்டாமல், தகடு உறுதியாக உள்ள அடிப்பக்கத்தில் மாட்ட வேண்டும்.

பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் வைக்கும் எஞ்சின்களுக்குக் கணக்கே வேறு. அங்கே முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் 25 நியூட்டன் மீட்டர் என்று மூடியிலேயே பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டி முறுக்கினால் மூடி விரிசல் விடலாம்.

பழைய ரப்பர் வளையம் கழன்று வராமல் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. வண்டியைக் கிளப்பியதும் இரண்டு வளையங்களுக்கு நடுவே அழுத்தம் தாங்காமல் ஆயில் பீறிட்டு வெளியேறும். ஆயில் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து வளையம் அதில் இருக்கிறதா என்று உறுதி செய்ய ஐந்து நொடி ஆகுமா?

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகக்கூடாது. சமதரையில் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே குனிய வேண்டும். சூடான ஆயில் தோலைச் சுட்டுவிடும். பழைய ஆயில் அடிக்கடி தோலில் படுவதும் நல்லதல்ல. கையுறை கட்டாயம்.

வடித்த ஆயில் இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. ஒரு முறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சாக்கடையில் ஊற்றுவதும், கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கொடுப்பதும் தவறு. பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் பணிமனையில் கேனோடு ஒப்படைக்கலாம். ஃபில்டரையும் பல மணி நேரம் கவிழ்த்து முழுக்க வடித்த பிறகே கொடுக்க வேண்டும்.

வாரண்டி போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, வெளிப் பணிமனையில் வேலை செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும், பழுதான வேலையால் வந்த சேதம்வரை மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது. சொந்தமாகச் செய்த வேலையை அது நேரடியாகப் பேசவும் இல்லை. வாரண்டி நடப்பில் இருக்கும் காருக்கு ஃபில்டரைத் தொடுமுன் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்துப்பூர்வ பதில் வாங்குவதே பாதுகாப்பு. வாரண்டி முடிந்திருந்தாலும் ஆயில், ஃபில்டர் ரசீதுகளை ஓடிய கிலோமீட்டர் குறிப்போடு வைத்திருக்க வேண்டும்.

போலி ஃபில்டரோ உடையும் ரெஞ்சோ வந்து சேர்ந்தால்? இணைய விற்பனைத் தளம் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள்வரை காலம் உண்டு. ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பக்கூடும் என்பதால், கசிந்த ஃபில்டரைக் குப்பையில் போடாமல் பெட்டி, ரசீது, படங்களோடு உறையிட்டு வைக்க வேண்டும்.