எந்த வாசல் வழியாகச் சேர்கிறீர்கள்?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே போன் வரத் தொடங்கிவிடும். "பையனுக்கு என்ன கட்-ஆஃப் சார்? கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கடைசி நாலு சீட்தான் இருக்கு. இன்னைக்கே பத்தாயிரம் கட்டிட்டா பிளாக் பண்ணிடலாம்." பேசுபவர் யார், நம் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது, கட்டும் பணத்துக்கு யார் ரசீது தருவார் என்று யாரும் கேட்பதில்லை. சீட் போய்விடுமோ என்ற பயத்தில் பணம் கைமாறிவிடுகிறது.

பொறியியல் படிப்பு தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன: எந்தக் கல்லூரி? எந்தப் பிரிவு? மூன்றாவதாக ஒன்று உண்டு: எந்த வழியில் சேர்கிறோம்? கட்டணம் எவ்வளவு, எந்தச் சலுகை கிடைக்கும், பிரச்சினை வந்தால் எங்கே முறையிடலாம் என்பவையெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியின் பதிலைப் பொறுத்தவை.

மூன்று வாசல்கள்

முதல் வாசல் அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல் ஆனது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200க்குத் தரவரிசை. சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் இதற்குத் தர வேண்டும். 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கலந்தாய்வை இணையவழியில் நடத்துகிறது.

சலுகைகளில் பெரும்பகுதி இந்த வாசலில்தான் இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சலுகை. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்குப் போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை. 2012இன் அரசாணை எண் 92 இவர்களுக்கானது. விண்ணப்பிக்கும்போதே அதன் நகலைக் கையில் வைத்திருங்கள்.

இரண்டாவது வாசல் நிர்வாக ஒதுக்கீடு. கல்லூரி அதே, பாடம் அதே, பட்டமும் அதே. ஆனால் முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் இங்கே கிடையாது. கலந்தாய்விலேயே கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு, கலந்தாய்வு தொடங்கும் முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்து சலுகையை இழப்பவர்கள் பலர். கட்-ஆஃப் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, அதே கட்-ஆஃபுக்குச் சென்ற ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்று பார்ப்பது.

மூன்றாவது வாசல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும். சேர்க்கை முறை அவர்களுடையது, கட்டணமும் அவர்களுடையது. நல்ல நிறுவனங்கள் இவற்றில் உண்டு. ஆனால் கலந்தாய்வுக்கு உரிய சலுகைகளை இங்கே எதிர்பார்க்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

அங்கீகாரம் என்றால் எந்த அங்கீகாரம்?

"அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற பலகையை நம்பிச் சேரக்கூடாது. பொறியியலுக்கு ஏஐசிடிஇ ஒப்புதல் வேண்டும். கல்லூரியின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பிரிவுக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு, எத்தனை இடங்களுக்கு ஒப்புதல் என்று பார்க்க வேண்டும். அடுத்தது பல்கலைக்கழக இணைவு. பட்டம் தருவது கல்லூரியல்ல, பல்கலைக்கழகம். யூஜிசி சட்டத்தின்படி மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலை நிறுவனங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் தந்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யூஜிசி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது.

மற்றப் படிப்புகளுக்கு அமைப்புகள் வேறு: சட்டத்துக்கு பார் கவுன்சில், மருந்தியலுக்கு ஃபார்மசி கவுன்சில், பி.எட்.டுக்கு என்சிடிஇ, செவிலியருக்கு நர்சிங் கவுன்சில். பெண் பிள்ளைகளைக் குறிவைக்கும் "ஒரு வருட நர்சிங்" விளம்பரங்களில் கூடுதல் கவனம் தேவை. டிப்ளமோ நர்சிங் மூன்றாண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டு. கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத படிப்பை முடித்தவர் செவிலியராகப் பணியாற்ற முடியாது. எத்தனை வண்ணத்தில் சான்றிதழ் அச்சடித்துத் தந்தாலும் இதில் மாற்றமில்லை.

தர முத்திரைகளிலும் வேறுபாடு உண்டு. நாக் என்பது கல்லூரி முழுமைக்கும், என்பிஏ என்பது குறிப்பிட்ட படிப்புக்கு மட்டும். மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்பிஏவைக் காட்டி ஏஐ பிரிவில் சேர்க்கும் விளம்பரங்கள் உண்டு. முத்திரையை மட்டும் நம்பவும் முடியாது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. 2024 ஜூலையில், அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளில் ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. எனவே கல்லூரிக்கு நேரில் போனால் கட்டடத்தைப் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் பிரிவின் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பருவத்தில் எத்தனை பேர் பாடம் நடத்துகிறார்கள்? பாதியில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள்? ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்?

தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே கேள்வித்தாள் தயாரித்துத் தாமே திருத்துபவை. அவற்றின் தேர்ச்சி விகிதத்தை மற்றக் கல்லூரிகளோடு நேராக ஒப்பிடக் கூடாது.

"நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்றால் எதில் நூறு? படித்தவர்களிலா, பதிவு செய்தவர்களிலா, அரியர் இல்லாமல் தகுதி பெற்றவர்களிலா? ஒரே மாணவருக்கு வந்த மூன்று வாய்ப்புக் கடிதங்களும் மூன்றாக எண்ணப்பட்டிருக்கலாம். பேனரில் இருக்கும் அதிகபட்சச் சம்பளம் ஒருவருடையது. உங்கள் பிரிவில் நடுவில் நிற்கும் மாணவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள்.

விருப்பப் பட்டியல்

கலந்தாய்வில் பலர் இடறுவது விருப்பப் பட்டியலில்தான். கணினி உங்கள் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தை ஒதுக்கிவிடும். "இது எப்படியும் கிடைக்கும்" என்று ஒரு சாதாரணக் கல்லூரியை மேலே வைத்தால், அதுதான் கிடைக்கும். உண்மையில் எதை அதிகம் விரும்புகிறீர்களோ அது மேலே, அதற்கடுத்தது கீழே. நிறையக் கல்லூரிகளைச் சேர்ப்பதால் நட்டமில்லை. ஒரே பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் பெயரோடு கலந்தாய்வு எண்ணையும் சரிபாருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது போன்ற தெரிவுகள் வரும். கெடுவுக்குள் பதில் தராவிட்டால் இடம் போய்விடும். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எந்த "உதவி மைய" ஏஜெண்டிடமும் கொடுக்காதீர்கள். பட்டியல் அவருக்குச் சாதகமாக மாறிவிடும் ஆபத்து உண்டு. சந்தேகத்துக்கு அரசின் சேவை மையங்கள் இருக்கின்றன.

பணமும் சான்றிதழும்

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. 2017இல் அக்குழு கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்பிஏ பெற்ற படிப்புக்கு 55,000 என்றும், நிர்வாக இடத்துக்கு 85,000, 87,000 என்றும் நிர்ணயித்தது. ஆய்வகம், நூலகம், விளையாட்டுக் கட்டணங்கள் இதில் அடக்கம். விடுதியும் பேருந்தும் தனி. நீங்கள் சேரும் ஆண்டுக்கு நடப்பில் உள்ள தொகையைத் தெரிந்துகொண்டு, கல்லூரி கேட்கும் தொகையோடு ஒப்பிடுங்கள்.

நன்கொடை, வளர்ச்சி நிதி என எந்தப் பெயரில் கேட்டாலும் நிர்ணயித்ததற்கு மேல் வாங்குவது 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு கேபிடேஷன் கட்டணத் தடைச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்குப் பின்னால் எந்தப் புகாரும் நிற்காது. வங்கி வழியாகவே கட்டுங்கள். ரசீதில் எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால்? வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. எந்த நிலையில் விலகினாலும் வரப்போகும் ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக்கூடாது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு யூஜிசியின் 2018 அறிவிப்பு பொருந்தும்: சேர்க்கையின் கடைசித் தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன் விலகினால் முழுத் தொகை, சிறு செயலாக்கக் கட்டணம் நீங்கலாக. பிறகு நாள் செல்லச் செல்ல 90, 80, 50 சதவீதமாகக் குறையும். கடைசித் தேதி கடந்து 30 நாளுக்குப் பின் ஒன்றும் கிடைக்காது. சில ஆண்டுகளில் யூஜிசி இதைவிடத் தாராளமான கெடு அறிவிப்பதுண்டு என்பதால், விலகல் கடிதத்தைத் தள்ளிப்போடாமல் தேதியோடு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை வாங்கிச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமே தவிர, கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழை அடகுபோல் பிடித்துவைப்பதும் இந்த விதிகளுக்கு எதிரானது.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். நான்கு லட்சம் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் உத்தரவாதமோ தேவையில்லை. வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிளை மேலாளர் வாய்வார்த்தையில் சொன்ன "இல்லை"யை மேல்முறையீடு செய்ய முடியாது. எழுத்து கையில் இருந்தால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அதன்பின் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கும் போகலாம்.

உள்ளே போன பிறகு

1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டாண்டு வரை சிறை அதில் உண்டு. யூஜிசியின் 2009 விதிகள் விடுதிக்கும் வளாகத்துக்கு வெளியே உள்ள அறைக்கும் பொருந்தும். குற்றம் என்று தெரிந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் பதிய வேண்டும். 1800-180-5522 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். "சீனியர் பழக்கம், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று விடுதிக் காப்பாளர் சொன்னால், அவர் தன் கடமையைத் தவறவிடுகிறார்.

பாலியல் தொல்லைக்கு உள்புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம், 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றனவா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள்.

பணத்தாசை காட்டும் புதிய வலை ஒன்று மாணவர்களைச் சுற்றியிருக்கிறது. "உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாசம் ஐயாயிரம்" என்பார்கள். அந்தக் கணக்கில் வருவது யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்கு உரிய மாணவரைத்தான். கடன் செயலிகளும், முன்பணம் கேட்கும் இன்டர்ன்ஷிப்புகளும் இதே வகை. மாட்டிக்கொண்டால் 1930 எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

நான்கு ஆண்டுகளில் உரிமையாகக் கிடைப்பவற்றையும் விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் குறைந்ததாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டி, பிறகு மறுமதிப்பீடு கேளுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் வகுப்புகளை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். நல்ல ஆசிரியர் கிடைக்காத பாடத்துக்கு இது நல்ல மாற்று. அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சியைக் கடமைக்கு முடிக்காமல், அதில் செய்த ஒரு புராஜெக்டையாவது நேர்காணலில் விளக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

புகார் எங்கே?

எல்லாக் கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்பது யூஜிசியின் 2023 விதி. கூடுதல் கட்டணம், சான்றிதழ் மறுப்பு, உதவித்தொகை தாமதம், பாகுபாடு எதுவானாலும் அதனிடம் தரலாம். அது 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு. கட்டணப் புகாரைக் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் அனுப்பலாம். தனியார் கல்லூரி தகவல் தர மறுத்தால், அதைப் பற்றிப் பல்கலைக்கழகத்திடமும் இயக்ககத்திடமும் இருக்கும் ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வழக்கறிஞர் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு, எண் 15100.

புகார் கொடுத்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ என்ற அச்சம் பொய்யானதல்ல. தனியாளாகப் போகாமல் பாதிக்கப்பட்ட நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். தேதி, நடந்தது, கேட்கும் தீர்வு மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, ரசீது நகலை இணைத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். சேர்க்கை நாளிலிருந்தே ஒரு கோப்பில் ஒதுக்கீட்டு ஆணை, ரசீதுகள், மின்னஞ்சல்கள், விளம்பரத் துண்டறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு அந்த ஒரு பக்கத்தை எழுத அரைமணி நேரம் போதும்.