சேலம்–கரூர் பாதை மின்மயமாக்கல்: செலவும் சுற்றுச்சூழல் பயனும்

சேலம்–நாமக்கல்–கரூர் தொடருந்துப் பாதை, கொல்லிமலைக்கு மேற்கே சமவெளியில் செல்லும் அகலப் பாதை ஆகும். கொல்லிமலை மீது தொடருந்து இல்லை. மலை மக்களுக்கு இராசிபுரமும் நாமக்கல்லும் அருகிலுள்ள நிலையங்கள். சுமார் 85 கி.மீ. நீளமுள்ள இப்பாதை 2013இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் டீசல் எஞ்சின்கள் ஓடிய இப்பாதை பின்னர் மின்மயமாக்கப்பட்டது.

செலவு

2018 செப்டம்பரில், எஞ்சியிருந்த 13,675 கி.மீ. அகலப் பாதைகளை மின்மயமாக்க ஒன்றிய அமைச்சரவை சுமார் 12,134 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 89 இலட்சம் ரூபாய். இச்சராசரிப்படி 85 கி.மீ. பாதைக்குச் சுமார் 75 கோடி ரூபாய் ஆகும். மின் எஞ்சின்கள் வாங்குவதும், மேல்நிலைக் கம்பிகளைப் பராமரிப்பதும் தனிச் செலவுகள்.

வரவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு லிட்டர் டீசல் எஞ்சினின் சக்கரத்துக்குச் சுமார் 3.5 யூனிட் ஆற்றலைத் தருகிறது. அதே வேலைக்கு மின் எஞ்சினுக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தேவை. டீசல் லிட்டர் 90 ரூபாய், மின்சாரம் யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால், 90 ரூபாய் வேலை 28 ரூபாயில் முடிகிறது. ஆனால் தொடருந்துகள் மிகக் குறைவாக ஓடும் பாதையில் முதலீடு திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

சுற்றுச்சூழல் பயன்

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ வெளியாவதால், 4 யூனிட்டுக்கு 2.8 கிலோ ஆகிறது. ஆக, கரியமில வாயுவில் இரண்டும் இன்று ஏறத்தாழ சமமே. நிலையத்தில் நிற்பவர் சுவாசிக்கும் டீசல் புகை நின்றுவிடுகிறது என்பது உடனடிப் பயன். ஆனால் மின்தொகுப்புக்கு மின்சாரம் தரும் 1,440 மெகாவாட் மேட்டூர் அனல்மின் நிலையம் போன்றவை நிலக்கரியையே எரிக்கின்றன. மாசின் ஒரு பகுதி ஒழியவில்லை, இடம் மாறுகிறது.

மதிப்பீடு

இரண்டு காரணங்களால் மின் எஞ்சினின் தட்டு தாழ்கிறது. முதலாவது, நவீன மின் எஞ்சின்கள் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தை உண்டாக்கிக் கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. இரண்டாவது, காற்றாலை, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடக் கூட, எஞ்சினை மாற்றாமலே அதன் மாசு குறையும். டீசல் எஞ்சினுக்கு இவ்வாய்ப்பு இல்லை. எனவே இப்பாதையின் மின்மயமாக்கல் எரிபொருள் செலவில் இன்றே இலாபம் தருகிறது. கரியமில வாயுக் குறைப்பில் அதன் பயன், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.