உங்களுக்குத் தெரியுமா? இரவு வேலை, தனி ஆள், பேய்ப்படம்

சுங்கைவே, 1978. பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஓர் அமெரிக்க மின்னணு ஆலை. நுண்ணோக்கிப் பிரிவில் வேலை செய்த ஏறக்குறைய 120 பெண்கள் பேய் பிடித்து அலறினார்கள். ஆலையை மூன்று நாள் மூட வேண்டியதாயிற்று. போமோ எனும் மலாய் மந்திரவாதியை வரவழைத்து, ஆலை வளாகத்துக்குள்ளேயே ஆடு வெட்டினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இரவு வேலையைப் பற்றிப் பேய்ப்படம் எடுக்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய முதல் காட்சி கிடைக்காது.

இந்தச் சம்பவத்தை உலகம் அறியப் பதிவு செய்தவர் பினாங்கில் பிறந்த மானிடவியல் அறிஞர் ஐவா ஓங். கோல லங்காட்டில் தங்கி, தெலுக் பங்லிமா காராங் ஆலைகளில் வேலை பார்த்த கிராமத்துப் பெண்களோடு பழகி எழுதிய அவருடைய நூல் 1987இல் வெளிவந்தது. நுண்ணோக்கிக்குள் உருவம் தெரிந்தது என்று சொன்ன பெண்கள் இருந்தார்கள். மணிக்கணக்காக லென்ஸில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டே இருக்கும் வேலை அது. ஷிப்ட் மாறி மாறி வரும். கழிவறைக்குப் போகவும் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். வாய் திறந்து எதிர்க்க முடியாத பெண்களின் எதிர்ப்புத்தான் பேயாக வெளிப்பட்டது என்பது ஓங்கின் வாதம். ஆலை நிர்வாகங்களோ தூக்க மருந்து கொடுத்தன. திரும்பத் திரும்பப் பேய் பிடித்தால் வேலையை விட்டே நிறுத்தின. இந்தக் கதையில் எனக்கு அதிகம் பயம் தருவது அந்தக் கடைசி வரிதான்.

மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தில் 34ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது அது. தொழிலாளர் துறை விலக்கு அளித்தால் வாங்கலாம். மின்னணு ஆலைகளின் இரவு ஷிப்ட் அந்த விலக்கில்தான் ஓடியது. 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவே சட்டத்தில் இல்லை.

ஆலையில் சுற்றிலும் நூறு பேர் இருந்தபோதே இந்தப் பாடு. ஒற்றை ஆளாக இரவைக் கழிப்பவரின் நிலை?

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடியின் கீழே பாருங்கள். ஜாகா, அதாவது காவலாளி, உட்காரும் சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச் லைட், வருகைப் பதிவுப் புத்தகம், தெர்மாஸில் தேநீர். பல இடங்களில் மாலை 7 முதல் காலை 7 வரை, பன்னிரண்டு மணி நேர வேலை. அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கவும் விடமாட்டார்கள். கட்டடத்தின் பல மூலைகளில் சின்ன உலோகப் பொத்தான்களைப் பதித்திருப்பார்கள். கையில் இருக்கும் கருவியைக் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் தொட்டு வர வேண்டும். எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பது அதில் பதிவாகிவிடும். பின்பக்கப் படிக்கட்டில் விளக்கு எரியவில்லை என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். போகவில்லை என்றால் காலையில் மேலாளருக்குத் தெரிந்துவிடும். பேய்ப்படங்களில் 'அந்தக் கதவை ஏன் திறக்கிறான்?' என்று நாம் கத்துவோமே, அதற்கு இதைவிட நியாயமான காரணம் கிடையாது. சம்பளம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

டென்மார்க்கில் ஓலே போர்னெடால் 1994இல் இயக்கிய 'இரவுக் காவல்காரன்' படம் இதே இடத்தைத்தான் பிடித்தது. சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன் சவக்கிடங்கில் இரவுக் காவலுக்குச் சேருகிறான். பிணங்களுக்கு நடுவே நடந்துபோய்ச் சுற்றை முடிக்க வேண்டும். அங்கே ஓர் அபாய மணியும் உண்டு, தப்பித் தவறி யாராவது உயிரோடு இருந்து இழுத்தால் அடிப்பதற்கு. அந்த மணி எப்போது அடிக்கும் என்ற நினைப்பு ஒன்றே பாதிப் படத்தை இழுத்துச் சென்றுவிடும். மூன்று ஆண்டுகளில் ஹாலிவுட்டும் அதே இயக்குநரை அழைத்து மறுபடி எடுத்தது.

2014இல் வந்த 'லாஸ்ட் ஷிப்ட்' இன்னும் எளிமை. மூடப்போகும் ஒரு காவல் நிலையம், கடைசி இரவு, வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் காவலர். வேறு ஆள் பலம் கிடையாது. இயக்குநர் ஆன்டனி டிபிளாசி இதே கதையை 2023இல் 'மாலம்' என்ற பெயரில் திரும்ப எடுத்தார்.

இரவுக் காவல் கதைகளைச் சின்னத் தயாரிப்பாளர்கள் விரும்புவதற்குக் காரணம் கணக்குத்தான். ஒரே இடம், ஒரே நடிகர், ஓர் இரவு. கூட்டம் சேர்க்க வேண்டாம், சாலையை அடைக்க வேண்டாம். இருட்டு இலவசம். ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில் எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யின் படப்பிடிப்புச் செலவு சுமார் 15,000 டாலர். உலகம் முழுவதும் வசூல் 19 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் ஒலியில் மட்டும் கை வைக்கக் கூடாது. படம் கொஞ்சம் மங்கினால் ரசிகர் பொறுத்துக்கொள்வார். ஒலி கெட்டால் பயம் போய்விடும்.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு 'பீட்சா'. 2012 அக்டோபரில் வந்தது. கார்த்திக் சுப்பராஜின் முதல் படம். பீட்சா கொண்டு கொடுக்கும் மைக்கேல், ஒரு பங்களாவுக்குள் இரவில் மாட்டிக்கொள்கிறான். கையில் ஒரு டார்ச். விஜய் சேதுபதியின் முகத்தில் விழும் அந்த வெளிச்சத்தை நம்பியே நீண்ட நேரம் படம் ஓடுகிறது. மைக்கேல் ஒரு தொழிலாளி என்பதைப் படம் மறப்பதே இல்லை. முதலாளி, சம்பளம், வீட்டில் காத்திருக்கும் காதலி எல்லாம் அந்தப் பயத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

அதிகாலை 4 மணிக்குக் காரணமே இல்லாமல் குளிருகிறதா? பேய் வந்தால் குளிரும் என்பார்கள். அந்த நேரத்தில்தான் மனித உடலின் உள்வெப்பம் நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். கவனமும் அப்போதுதான் தளரும். அதே போல, ஷிப்ட் மாறி மாறி வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் கலைந்துபோவதால் 'அமுக்குவான்' தொல்லை கூடும். கனவு காணும் கட்டத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்கும்போதே விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மலாய்க்காரர்கள் இதைத் 'திண்டே' என்பார்கள். இதையெல்லாம் அறிந்துகொண்டால் பயம் குறையும் என்று நான் சொல்லவரவில்லை. உடம்பு இவ்வளவு படுகிறது என்பதை முதலாளிகள் அறிய வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்ட் வேலையை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007இலேயே சேர்த்தது. 2019இல் மறுபடி உறுதி செய்தது.

இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் இரவில் ஆய்வுக்கூடத்தில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். உடம்பு சில்லிட்டது. கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று, திரும்பினால் காணவில்லை. மறுநாள், வாள்வீச்சுப் போட்டிக்காக இடுக்கியில் பிடித்து வைத்திருந்த வாளின் நுனி தானாக அதிர்ந்தது. தேடிப் பார்த்ததில், புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறி, காதுக்கு எட்டாத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை அறைக்குள் நிறைத்திருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் உருவமும் போயிற்று என்று 1998இல் கட்டுரை எழுதினார். பழைய குளிர்சாதனங்கள் இரைந்துகொண்டே இருக்கும் நம்மூர் அலுவலகங்களில் இரவைக் கழிப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் திரைக்கு வருவோம். மலாய்த் திரையின் முதல் பேய்களை வளர்த்தவர்களில் இந்தியர்கள் முக்கியமானவர்கள். மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' 1957 ஏப்ரலில் சிங்கப்பூர் கெத்தே அரங்கில் வெளியானது. இயக்கம் பி.என். ராவ். அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. அதே ஆண்டு வந்த இரண்டாம் பாகமும் தொலைந்தது. மூன்றாவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. மறு ஆண்டு, இரவில் பெண்களைத் தூக்கிச் செல்லும் 'ஓராங் மிஞாக்' கதையைப் படமாக்கியவர் எல். கிருஷ்ணன். பி. ரம்லியை 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவரும் இதே கிருஷ்ணன்தான். பிரிக்பீல்ட்ஸில் எத்தனை இளைஞர்களுக்கு இந்தப் பெயர் தெரியும்?

கிள்ளான் வட்டாரத் தமிழர்களின் பழைய இரவு வேலை, பால்மரம் வெட்டு. விடியுமுன் இருட்டிலேயே கிளம்புவார்கள். வெயில் ஏறுவதற்கு முன், மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். தலையில் விளக்கு, கையில் கத்தி, ஆளுக்கு ஒரு நிரை. பக்கத்து நிரையில் இருப்பவரின் விளக்கு மரங்களுக்கு இடையே தெரியும், மறையும். தோட்டத்துப் பேய்க் கதைகளில் பாதி அந்த நேரத்தில் பிறந்தவை. நிரையின் முனையில் முனீஸ்வரர் நின்றதற்கும் அந்த இருட்டே காரணம். அந்தத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் சிலர் அதே நிலத்தில் இரவு ஜாகாவாக இருக்கிறார்கள்.

பணம் இல்லை என்பவர்களுக்கு: கோலாலம்பூரில் அமீர் முகமது தொடங்கிய குமான் பிக்சர்ஸ், சின்னச் செலவில் திகில் படங்களை எடுக்கவே பிறந்த நிறுவனம். அது தயாரித்து எமிர் எஸ்வான் இயக்கிய 'ரோ', ஒரு காடு, ஒரு குடிசை, விரல் விட்டு எண்ணக்கூடிய நடிகர்கள். மலேசியா அதை 93ஆவது ஆஸ்காருக்கு அனுப்பியது. மலேசியத் தமிழில் ஜே.கே. விக்கியின் 'பூச்சாண்டி' 2022 ஜனவரியில் இங்கே திரைக்கு வந்து, பிறகு தமிழ்நாட்டுத் திரைகளுக்கும் போனது. ஜாகா அறையை, கையில் கருவியோடு நடக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை, நம் பிள்ளைகள் யாராவது எடுக்க வேண்டும். கதையைக் கேட்க வெகுதூரம் போக வேண்டாம். இன்று இரவு வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டைத் திறந்து விடுபவரிடமே, அவருக்கு நேரம் இருந்தால், ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்கலாம்.