பாராசிட்டமால்ல 'பாரா'ன்னா என்ன?

புரோகிராம் எழுதுற எனக்கு, பேரைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சா ரொம்பப் பிடிக்கும். பாராசிட்டமால் அப்படி ஒரு பேரு.

மூலக்கூறின் நடுவில் 6 கார்பன் கொண்ட பென்சீன் வளையம். ஒரு முனையில் ஹைட்ராக்சில். நேர் எதிர் முனையில் நைட்ரஜன், அதில் தொங்கும் அசிட்டைல். அந்த 'நேர் எதிர்' இடம்தான் 'பாரா'.

இந்த ரெண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு ஹைட்ரஜனை உருவினா, அது நச்சாகிடும். கல்லீரல் மருந்தில் ஒரு சின்னப் பங்கை அப்படித்தான் மாத்துது. அங்கேயே இருக்கும் குளுட்டதயோன் அதைப் பிடிச்சு அடக்கிடும். டோஸ் எகிறினா குளுட்டதயோன் தீர்ந்துடும், கல்லீரல் செல்கள் சாகும்.

பல சளி மாத்திரைகளிலும் இதே மருந்துதான். அசிட்டமினோஃபென்னு போட்டிருந்தாலும் இதுதான். காய்ச்சல் மாத்திரையோட சேர்த்துப் போடும் முன், அட்டையைத் திருப்பிப் படிச்சிடுங்க.