மெல்லிசை மன்னர்கள் – ரெண்டு பேர் கதை



நம்ம ஊர் பனியன் கம்பெனிகளில் வேலை நடக்கும்போது ரேடியோவில் பழைய பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். "இசை: விஸ்வநாதன் ராமமூர்த்தி" என்று அறிவிப்பாளர் சொல்வார். அது ஒரே ஆளோட பெயர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை, ரெண்டு பேர்! அவர்களைப் பற்றித் தெரிந்து கொள்வோமா?

யார் இவர்கள்?

டி.கே.ராமமூர்த்தி 1922ல் திருச்சியில் பிறந்தவர். இவருடைய தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை பெரிய வயலின் வித்வான். பேரனுக்கும் வயலின்தான். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928ல் பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். தியேட்டரில் தின்பண்டம் விற்றார். அப்புறம் நம்ம பக்கத்து ஊர் கோயமுத்தூரில், ஜூபிடர் பிக்சர்ஸ் கம்பெனியில் எடுபிடிப் பையனாக இருந்தார். அங்கே எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவில் வேலை செய்துகொண்டே இசை கற்றார்.

ஜோடி சேர்ந்தது எப்படி?

இருவரும் சி.ஆர்.சுப்பராமன் என்ற இசையமைப்பாளரிடம் வேலை பார்த்தார்கள். 1952ல் அவர் இளம் வயதிலேயே இறந்து போனார். பாதியில் நின்ற 'தேவதாஸ்' வேலையை இவர்கள் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தன்னுடைய 'பணம்' படத்துக்கு இருவரையும் ஜோடியாகப் போட்டார். ஆறு வயசு மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் பெயர் வந்தது பின்னால். சின்னவர் முன்னால் போகட்டும், பெரியவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று கலைவாணர் சொன்னதாகச் சொல்வார்கள்.

வெற்றி மேல் வெற்றி

1961 ஒரே வருஷத்தில் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் வந்தன. 1964ல் 'கர்ணன்' படத்துக்கு வடநாட்டு ராகங்கள். அதே வருஷம் 'காதலிக்க நேரமில்லை' படத்துக்கு மேற்கத்திய இசை. ரெண்டும் ஒரே ஜோடியா என்று ஆச்சரியமாக இருக்கும்! 1963ல் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் கிடைத்தது.

இதில் எந்த மெட்டு யாருடையது? பிரித்துச் சொல்ல முடியாது. எங்கம்மா ஓவர்லாக் ஓட்டுகிறார்கள். அடுத்த மிஷினில் ஒரு அக்கா பேட்லாக் ஓட்டுகிறார். ஒரு பனியனைக் கையில் எடுத்து, இதில் பாதி இவங்க தைச்சது, பாதி அவங்க தைச்சதுன்னு கிழிச்சுக் காட்ட முடியுமா? அது மாதிரிதான்.

பிரிவு

1965ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். விஸ்வநாதன் தனியாக நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். 'அன்பே வா', 'உலகம் சுற்றும் வாலிபன்' எல்லாம் அவர் தனியாகச் செய்தவை. ராமமூர்த்திக்குக் கிடைத்தவை கொஞ்சம் படங்கள்தான். 'மறக்க முடியுமா', 'நான்' படங்களின் பாட்டு இன்றைக்கும் இனிக்கிறது. திறமை குறைவு என்று சொல்ல முடியுமா? ஆனாலும் அவர் பெயர் மெதுவாக மறைந்தது.

இங்கிலாந்தில் 'பெட் ஷாப் பாய்ஸ்' என்று ஒரு இரட்டையர். நீல் டென்னன்ட் முன்னால் நின்று பாடுவார். கிறிஸ் லோ பின்னால் கீபோர்டில் அமைதியாக நிற்பார். 1981ல் லண்டனில் சந்தித்தவர்கள், 2024லும் சேர்ந்தே ஆல்பம் போட்டார்கள். அங்கேயும் ஒருவர் முகம்தான் அதிகம் தெரியும். ஆனால் ஜோடி உடையவில்லை.

நம்ம மன்னர்கள் 30 வருஷம் கழித்து 1995ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். 2012ல் தமிழக முதல்வர் ஜெயலலிதா ஒரே மேடையில் இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தார். ராமமூர்த்தி 2013லும், விஸ்வநாதன் 2015லும் காலமானார்கள்.

சிந்திப்போம்!

முன்னால் நிற்கிறவர் மட்டும்தான் வேலை செய்தார் என்று நினைப்பது தப்பு. அறிவியல் கண்காட்சியில் மாதிரி செய்தவர் ஒருவர், மைக்கில் விளக்கம் சொன்னவர் இன்னொருவர் என்றால், அட்டையில் ரெண்டு பேர் பெயரையும் ஒரே அளவில் எழுதுங்கள் நண்பர்களே!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு